நேரத்துக்கு ஏன் வட்டம் இல்லை?

நெடுந்தூரம் கார் ஓட்டும்போது வழிகாட்டிக் கருவியின் திரையில் நான் அதிகம் பார்ப்பது வரைபடத்தையோ அம்புக்குறியையோ இல்லை. அடுத்த திருப்பம் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்றால் அந்தக் கோட்டில் பார்க்க என்ன இருக்கிறது? என் கண் போய்ப் போய் விழுவது மூலையில் இருக்கும் சின்ன எண்ணில். போய்ச் சேரும் நேரம். காலையில் கிளம்பும்போது மாலை 5.42 என்று காட்டும். எங்காவது நிறுத்தி இடுப்பை நிமிர்த்திவிட்டு வந்தால் 6.01 ஆகியிருக்கும். காலியான சாலையில் கொஞ்சம் அழுத்தினால் 5.59, 5.58 என்று இறங்கும். இறங்க இறங்க உள்ளுக்குள் ஒரு குஷி. மறுபடி ஏறினால் யாரோ என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டதுபோல எரிச்சல். இத்தனைக்கும் அன்று எங்களுக்கு எந்த அவசரமும் இல்லை. போனது சித்தி வீட்டுக்கு. எத்தனை மணிக்குப் போனாலும் கதவு திறக்கும்.

நானும் அக்காவும் மாற்றி மாற்றி ஓட்டிக்கொண்டு போனோம். கருவி அவளுடையது. முன்கண்ணாடியில் ஒட்டிவைக்கிற தனிப் பெட்டி, வரைபடம் முழுவதும் அதற்குள்ளேயே இருக்கும். போனிலேயே எல்லாம் வந்துவிட்ட காலத்தில் இது எதற்கு என்று கேட்டால் அவளிடம் பதில் தயாராக இருக்கும்: பாதி வழியில் சிக்னல் போய்விடும், வெயிலில் போன் சூடாகி அணைந்துவிடும், சரியாகத் திருப்பம் வரும் நேரம் பார்த்து யாராவது கூப்பிடுவார்கள். அவள் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவள். எந்த அளவை எழுதினாலும் பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறி போட்டு, இவ்வளவு முன்னே பின்னே இருக்கலாம் என்று எழுதாமல் விடமாட்டாள். அவள் ஓட்டும்போது அந்த எண்ணைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நான் ஓட்டும்போது என் காலைப் பார்ப்பாள்.

"எதுக்குடி இந்த மிதி மிதிக்கிற? யாராவது துரத்துறாங்களா?"

"ரெண்டு நிமிஷம் குறைஞ்சிருக்கு, பாரேன்."

"குறைஞ்சு?"

அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த ஒற்றைக் கேள்வி ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் என்னை விட்டபாடில்லை. இதை எழுதுவதே அதனால்தான்.

எது அளந்தது, எது கணித்தது

ஜி.பி.எஸ். இடம் காட்டும் ஏற்பாடு என்று நினைக்கிறோம். அடிப்படையில் அது ஒரு கடிகார ஏற்பாடு. தரையிலிருந்து ஏறத்தாழ 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள் ஒவ்வொன்றிலும் அணுக்கடிகாரம் இருக்கிறது. தான் இருக்கும் இடத்தையும் அந்தக் கணத்தின் நேரத்தையும் அது இடைவிடாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. நேர் உச்சியில் இருக்கும் செயற்கைக்கோளிலிருந்து அந்தச் செய்தி நம் காருக்கு வர சுமார் 67 மில்லி விநாடி ஆகும். அடிவானத்தில் இருப்பதிலிருந்து வந்தால் இன்னும் சற்றுக் கூடுதல். அந்தத் தாமதத்தைத் தூரமாக மாற்றித்தான் நாம் எங்கே இருக்கிறோம் என்று பெட்டி கண்டுபிடிக்கிறது. ஒரு நானோ விநாடியில் ஒளி 30 செ.மீ. போகும். அப்படியானால் ஒரு மைக்ரோ விநாடி பிசகினால் 300 மீட்டர் பிசகு. சாலையை விட்டு வயலுக்குள் போய்விடுவோம்.

கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பெட்டிக்குள் அணுக்கடிகாரம் கிடையாது, மலிவான குவார்ட்ஸ்தான். அதனால் தன் கடிகாரம் எவ்வளவு தப்பாக ஓடுகிறது என்பதையும் அது சேர்த்தே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. இடத்துக்கு மூன்று விடை, நேரத்துக்கு ஒன்று, ஆக நான்கு. குறைந்தது நான்கு செயற்கைக்கோள் வேண்டும் என்பது இதனால்தான். ஐன்ஸ்டைன் வேறு நடுவில் வருகிறார். வேகத்தால் செயற்கைக்கோள் கடிகாரங்கள் நாளொன்றுக்கு 7 மைக்ரோ விநாடி மெதுவாகின்றன. உயரத்தில் ஈர்ப்பு குறைவதால் 45 மைக்ரோ விநாடி வேகமாகின்றன. நிகரம் 38. ஒளி அந்த 38 மைக்ரோ விநாடியில் 11 கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். இதை முன்கூட்டியே கணக்கிட்டு, தரையிலேயே கடிகாரத்தின் துடிப்பைக் கொஞ்சம் குறைத்து வைத்துத்தான் மேலே அனுப்புகிறார்கள். முதல் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் போனது 1978-இல். பொதுமக்களுக்கான சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. 2000 மே மாதம் அதை நிறுத்தியது. அதற்கு முன் நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டிய கருவிகள் ஒரே இரவில் திருந்தின.

எனக்கு இதில் பிடித்த விஷயம் துல்லியம்கூட இல்லை. தான் எவ்வளவு தப்பாக இருக்கக்கூடும் என்பதை அந்தப் பெட்டி கணக்கிட்டு வைத்திருக்கிறது என்பதுதான். செயற்கைக்கோள்கள் வானில் நன்றாகப் பரவி நின்றால் பிழை குறைவு, ஒரே பக்கமாகக் குவிந்து நின்றால் அதிகம். அக்காவின் கருவியில் மெனுவுக்குள் தேடிப் போனால் ஒரு பக்கம் வரும். எந்தச் செயற்கைக்கோள் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்று பட்டைகள், கீழே எத்தனை மீட்டர் முன்னே பின்னே என்று ஓர் எண். போன் வரைபடத்தில் நம்மைக் குறிக்கும் புள்ளியைச் சுற்றி மங்கலாக ஒரு வட்டம் தெரியுமே, அதுவும் இதே சமாசாரம்தான். உயரமான கட்டடங்களுக்கு நடுவே போனால் வட்டம் விரியும். வெட்டவெளிக்கு வந்தால் சுருங்கும். "இந்த வட்டத்துக்குள் எங்கோ இருக்கிறாய், இதற்கு மேல் எனக்குத் தெரியாது" என்று வெட்கமில்லாமல் சொல்கிறது. எனக்குத் தெரிந்து மனிதர்களிடம்கூட இந்தக் குணம் அபூர்வம்.

இப்போது மூலையில் இருக்கும் எண்ணுக்கு வருவோம். அது பிறப்பது முற்றிலும் வேறு இடத்தில். எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற நெதர்லாந்துக் கணினி அறிஞர் 1956-இல் ஆம்ஸ்டர்டாமில் தன் வருங்கால மனைவியோடு ஒரு கஃபேயில் உட்கார்ந்திருந்தபோது, காகிதம் பென்சில் இல்லாமல் இருபது நிமிடத்தில் யோசித்து முடித்த முறைதான் வழி தேடுவதற்கெல்லாம் மூலம். ஊர்கள் புள்ளிகள், சாலைகள் கோடுகள், ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு மதிப்பு. மொத்த மதிப்பு மிகக் குறைவாக வரும் வழியை அது தவறாமல் கண்டுபிடித்துவிடும். புதிதாக வந்த கணினி ஒன்றின் திறமையைக் காட்ட நெதர்லாந்தின் 64 ஊர்களை வைத்து அதைச் செய்து காட்டினார்கள். 1959-இல் மூன்றே பக்கத்தில் கட்டுரையாக வந்தது. இன்றைய கருவிகள் அதன்மேல் ஏராளமான குறுக்குவழிகளைக் கட்டியிருக்கின்றன. கோடிக்கணக்கான கோடுகளை நொடிக்குள் அலசுகின்றன. கணிதத்தில் ஓட்டை இல்லை.

ஓட்டை அந்த மதிப்புகளில் இருக்கிறது. இந்தத் துண்டுச் சாலையைக் கடக்க எத்தனை விநாடி ஆகும்? கருவி தனக்குள் வைத்திருக்கும் விடை, அந்தச் சாலை எந்த வகை, அதில் எவ்வளவு வேகம் அனுமதி, முன்பு இதே கிழமையில் இதே மணிக்குப் போனவர்கள் சராசரியாக என்ன வேகத்தில் போனார்கள் என்பதை வைத்துப் போட்டது. எஃப்.எம். அலையோடு ஒட்டி வரும் போக்குவரத்துச் செய்தியையோ போன் வழியாக வரும் தகவலையோ சேர்த்துக்கொண்டால், இப்போது எங்கே நெரிசல் என்றும் தெரியும். இப்போது. ஆனால் அந்த இடத்துக்கு நாம் போகப்போவது நாலு மணி நேரம் கழித்து. அதற்குள் அங்கே மழை பிடிக்கலாம், லாரி ஒன்று குறுக்கே நின்றுவிடலாம், இருக்கும் நெரிசல் கலைந்தும் போகலாம். போதாக்குறைக்கு, நாங்கள் எங்குமே நிறுத்தமாட்டோம், சிறுநீர் கழிக்கமாட்டோம், எரிபொருள் போடமாட்டோம் என்று அது நம்புகிறது. ஐரோப்பாவில் லாரி ஓட்டுநர்கள் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். லாரிக்கென்றே விற்கும் கருவிகள் சிலவற்றில் ஓய்வையும் கணக்கில் சேர்க்கும் வசதி உண்டு. கார் ஓட்டுபவருக்கு மட்டும் சிறுநீர்ப்பை கிடையாது போலிருக்கிறது.

ஆக, சில மீட்டருக்குள் அளந்து தெரிந்த இடமும், பத்து மணி நேரத்துக்கு அப்பால் ஊகித்த ஒரு மாலைப் பொழுதும் ஒரே திரையில், ஒரே எழுத்துருவில், ஒரே நிறத்தில் நிற்கின்றன. முன்னதற்கு வட்டம் உண்டு. பின்னதற்கு இல்லை. அதுகூடப் பரவாயில்லை. 5.42-இல் அந்த 2 எதற்கு?

எட்டு நிமிடம்

நண்பகல். அக்கா ஓட்டிக்கொண்டிருந்தாள். என் போனை அவள் கருவியோடு இணைத்திருந்தேன், போக்குவரத்துத் தகவல் வரட்டும் என்று. இன்னும் ஆறு மணி நேரப் பாதை மிச்சம். திடீரென்று ஒரு மணியோசை. திரையில் வேறொரு கோடு சாம்பல் நிறத்தில் கிளை பிரிந்து போனது. வேறு வழி, எட்டு நிமிடம் மிச்சம், ஏற்கிறீர்களா? கீழே பட்டை ஒன்று குறைந்துகொண்டே வந்தது, சீக்கிரம் முடிவு செய் என்பதுபோல. அக்கா சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் விரலை நீட்டி 'வேண்டாம்' என்பதைத் தொட்டாள்.

"அய்யோ, எட்டு நிமிஷம்க்கா!"

"காலைல கிளம்பும்போது எத்தனை மணிக்குன்னு சொல்லிச்சு?"

"5.42."

"இப்போ?"

"6.20."

"நாம எவ்வளவு நேரம் நின்னோம்?"

யோசித்துப் பார்த்தேன். ஒரே இடத்தில் நின்றோம். "இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கும்."

"மிச்சப் பதிமூணு நிமிஷத்தை எங்க விட்டுச்சு? நாலு மணி நேரத்துல பதிமூணு நிமிஷம் தப்பாச் சொன்ன ஆளு, இன்னும் ஆறு மணி நேரத்துல எட்டு நிமிஷம் மிச்சம் பிடிச்சுத் தரேன்னு வர்றான். நீ நம்புற."

இதைக் கோபமாகச் சொல்லவில்லை. வேலையிடத்தில் புதிதாகச் சேர்ந்த யாரோ கொண்டுவந்த அளவைத் திருப்பிக் கொடுக்கும்போது எப்படிச் சொல்வாளோ அப்படிச் சொன்னாள். எனக்கு அது சட்டென்று உறைத்தது. ஆறு மணி நேரத்தில் எட்டு நிமிடம் என்பது இரண்டு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே. அளக்கும் கோலிலேயே அதைவிடப் பெரிய பிழை இருந்தால், அந்த எட்டு நிமிடம் சாலையில் இருக்கிறதா, கருவிக்குள் மட்டும் இருக்கிறதா? கொடுத்த அவகாசத்துக்குள் தலையாட்டிவிட்டு, முன்பின் தெரியாத சாலையில் திரும்பி, குறுகலான பாலத்தில் எதிரே வரும் வண்டிக்கு வழிவிட்டுக் காத்து நிற்பதற்கு, அந்த எண்ணைத் தவிர வேறு எந்தக் காரணமும் எங்களிடம் இருந்திருக்காது.

ஆனால் விட்டுக்கொடுக்க மனமில்லை. கொஞ்ச தூரம் போன பிறகு அவளிடம் திரும்பவும் ஆரம்பித்தேன். பதிமூன்று நிமிடத் தப்பு நம் வண்டியால் வந்திருக்கலாமே, நீ எல்லாரையும்விட மெதுவாக ஓட்டுவதால்? அப்படியானால் இரண்டு வழியிலும் அதே அளவு தாமதம்தான் வரும். இரண்டையும் கழித்தால் பொதுப்பிழை அடிபட்டுப் போய்விடும். எட்டு நிமிட வித்தியாசம் அப்படியே நிற்கும். இது நல்ல வாதம் என்று இப்போதும் நினைக்கிறேன். இரண்டு தராசுத் தட்டிலும் ஒரே எடைக்கல் கூடுதலாக இருந்தால் முள் நகராது.

"ரெண்டு வழியும் ஒரே மாதிரிச் சாலையா இருந்தா நீ சொல்றது சரி" என்றாள். "ஆனா இது நாலு வழிச்சாலை. அது ஊருக்கு ஊர் நுழைஞ்சு போறது. இதுல தப்பினா பத்து நிமிஷம் தப்பும். அதுல தப்பினா முக்கால் மணி நேரம்."

இந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் முழுசாகப் புரிந்தது. சராசரியில் எட்டு நிமிடம் குறைவான வழியும், எப்போது வேண்டுமானாலும் காலை வாரிவிடக்கூடிய வழியும் ஒன்றாகவே இருக்கலாம். ஒரு வழி ஆறு மணி நேரம், பத்து நிமிடம் முன்னே பின்னே. இன்னொன்று ஐந்து மணி ஐம்பத்திரண்டு நிமிடம், நாற்பது நிமிடம் முன்னே பின்னே. விமானத்தைப் பிடிக்க ஓடுகிறவர் முதல் வழியில்தான் போவார். அவசரமே இல்லாமல் புதுச் சாலை பார்க்கக் கிளம்பியவர் இரண்டாவதில் போகலாம். யார் எதற்காகப் போகிறார் என்பது கருவிக்குத் தெரியாது, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எந்த வழி எவ்வளவு ஆடும் என்பது அதற்குத் தெரிய வாய்ப்பிருக்கிறது. இத்தனை பேர் இந்தச் சாலையில் போன வேகத்தையெல்லாம் சேர்த்து வைத்துத்தானே சராசரி போட்டது? சராசரியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, அவர்கள் எவ்வளவு சிதறினார்கள் என்பதை நம் கண்ணுக்குக் காட்டாமல் விட்டுவிட்டது.

இதில் இன்னொரு கோணமும் உண்டு, போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். அந்த மணியோசை எங்கள் காரில் மட்டும் கேட்டிருக்காது. எங்களுக்கு முன்னும் பின்னும் போன எத்தனையோ வண்டிகளில் அதே சாம்பல் கோடு முளைத்திருக்கும். எல்லாரும் சரி என்று திரும்பினால் அந்தச் சின்னச் சாலை என்ன ஆகும் என்பதற்குப் பெரிய கணிதம் தேவையில்லை.

மிதித்தால் என்ன கிடைக்கும்

மதியத்துக்கு மேல் ஸ்டியரிங் என் கைக்கு வந்தது. "குறைஞ்சு?" என்ற கேள்வியும் கூடவே வந்தது. மனக்கணக்காகவே போட்டுப் பார்த்தேன். 100 கி.மீ. தூரத்தை மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போனால் ஒரு மணி நேரம். 110-இல் போனால் 54 நிமிடம் 30 விநாடி சொச்சம். அதாவது ஒரு மணி நேரம் முழுக்க உடம்பை விறைத்துக்கொண்டு, முன்னால் போகும் ஒவ்வொரு வண்டியையும் முந்தி, ஐந்தரை நிமிடம். மறுபக்கம், ஊருக்குள் 10 கி.மீ. நெரிசலில் மணிக்கு 30-இல் ஊர்ந்தால் இருபது நிமிடம் ஆகும். அதையே 40-இல் போக முடிந்தால் பதினைந்து. பத்தே கிலோமீட்டரில் ஐந்து நிமிடம். நேரம் தொலைவதும் மீள்வதும் மெதுவான இடங்களில். நாம் மிதிப்பதோ வேகமான இடங்களில், ஏனென்றால் அங்கேதான் மிதிக்க முடியும்.

மனித மனம் இதை ஒழுங்காகக் கணக்கிடுவதில்லை என்பதை ஓலா ஸ்வென்சன் என்ற ஸ்வீடன் உளவியலாளர் சோதனைகளில் காட்டியிருக்கிறார். ஏற்கனவே வேகமாகப் போகும்போது இன்னும் வேகம் கூட்டினால் மிச்சமாகும் நேரத்தை மிகையாக நினைக்கிறோம். மெதுவாகப் போகும்போது கொஞ்சம் வேகம் கூட்டினால் மிச்சமாவதைக் குறைத்து நினைக்கிறோம். இது ஜி.பி.எஸ். வருவதற்கு முன்பும் இருந்த குணம்தான். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதும், அந்த ஐந்தரை நிமிடத்துக்கான எரிபொருள் கணக்கு தனி என்பதும் பழைய சங்கதி. பெட்டி புதிதாகச் சேர்த்தது ஒன்றே ஒன்று: மிதிக்கு உடனுக்குடன் பரிசு. அழுத்தினேன், சில நிமிடத்தில் ஓர் எண் குறைந்தது. சூதாட்ட இயந்திரம் செய்பவர்கள் இதற்குமேல் என்ன செய்கிறார்கள் என்று தெரியவில்லை.

1985-இல் கார்களுக்கென்று விற்பனைக்கு வந்த ஈடாக் நேவிகேட்டர் என்ற கருவியைப் பற்றி முன்பு படித்திருக்கிறேன். ஜி.பி.எஸ்.ஸே இல்லை அதில். சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது, திசைகாட்டி எந்தப் பக்கம் திரும்பியது என்பதை வைத்தே இடத்தைக் கணித்தது. வரைபடம் கேசட்டில் இருந்தது. பச்சைக் கோடுகள், நடுவில் கார், போக வேண்டிய இடத்தில் மினுக்கும் நட்சத்திரம். எங்கே திரும்ப வேண்டும் என்றுகூடச் சொல்லாது, அதை நாம்தான் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அந்தப் பச்சைத் திரையைப் பார்த்து ஓட்டியவர்களுக்கு வழி தவறியிருக்கும், சந்தேகமில்லை. நட்சத்திரம் ஒரு நிமிடம் முன்னால் வந்துவிட்டது என்று யாரும் குதித்திருக்கமாட்டார்கள்.

ஆறரையிலிருந்து எட்டுக்குள்

நாங்கள் இருக்கும் இடம் போனில் நேரலையாகத் தெரியும்படி இணைப்பு ஒன்றைச் சித்திக்கு அனுப்பியிருந்தேன். தம்பி கேட்டான் என்று அனுப்பியது. அதில் வந்து சேரும் நேரமும் தெரியும் என்பதை நான் யோசிக்கவில்லை. சாயங்காலம் சித்தி கூப்பிட்டார்.

"ஏம்மா, காலைல அஞ்சே முக்காலுக்கு வர்றதா காட்டிச்சு. அப்புறம் ஆறேகால் ஆச்சு. இப்ப ஆறே முக்கால்ங்குது. வண்டியில ஏதும் பிரச்சினையா? எதையும் மறைக்காதீங்க."

அக்கா போனை வாங்கி, "ஒண்ணும் இல்ல சித்தி. ஆறரையிலேருந்து எட்டுக்குள்ள வந்துடுவோம்" என்றாள். அவ்வளவுதான், சித்தி அடங்கிவிட்டார். துல்லியமான எண் பகல் முழுக்க அவரைப் படபடக்க வைத்திருக்கிறது. ஒன்றரை மணி நேர அகலமுள்ள, தெளிவே இல்லாத பதில் ஒரே வாக்கியத்தில் அமைதிப்படுத்திவிட்டது. இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. ஒற்றை எண்ணைக் கொடுத்தால் அது மாறும் ஒவ்வொரு முறையும் ஏதோ நடந்துவிட்டதாகத்தான் தோன்றும். எல்லையைக் கொடுத்தால் அதற்குள் ஆடுவது செய்தியே இல்லை.

மற்ற துறைகளில் இதைப் பழகிவிட்டார்கள். மழைக்கு 60 சதவீத வாய்ப்பு என்கிறார்கள். புயல் கரை கடக்கும் பாதையை ஒற்றைக் கோடாகப் போடாமல், நாளாக ஆக விரிந்துகொண்டே போகும் கூம்பாகப் போடுகிறார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் பேருந்து வரும் நேரத்துக்கே ஒரு வழி கண்டார்கள். "ஏழு நிமிடத்தில்" என்று ஒற்றை எண்ணாகக் காட்டாமல், எப்போதெல்லாம் வர வாய்ப்பிருக்கிறதோ அங்கங்கே புள்ளிகளைக் குவித்துக் காட்டினார்கள். இருபது புள்ளி என்றால் ஒவ்வொன்றும் இருபதில் ஒரு பங்கு வாய்ப்பு. எத்தனை புள்ளிக்கு முன்னால் கிளம்பலாம் என்று பார்ப்பவரே எண்ணி முடிவு செய்துகொள்ளலாம். சாதாரண ஆட்களுக்கு அது புரிந்தது.

கார் திரையில் இருபது புள்ளி போட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஓட்டுநரின் கண் ஒரு தடவைக்கு இரண்டு விநாடிக்கு மேல் சாலையை விட்டு விலகக்கூடாது என்று அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை 2013-இல் வழிகாட்டு நெறி வெளியிட்டது. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் அந்த இரண்டு விநாடியில் வண்டி 55 மீட்டர் போய்விடும். புள்ளிகளை எண்ணிக்கொண்டிருக்க அது நேரமில்லை. ஒற்றை எண் என்பது அந்த வகையில் நியாயமான முடிவு. சரி, ஒற்றை எண்ணே இருக்கட்டும். பத்து மணி நேரத்துக்கு அப்பால் இருக்கும்போது 'ஆறு மணி வாக்கில்' என்றும், மூன்று மணி நேரம் இருக்கும்போது கால் மணிக் கணக்கிலும், கடைசி ஒரு மணி நேரத்தில் நிமிடக் கணக்கிலும் காட்டுவதற்கு எந்தக் கூடுதல் இடமும் தேவையில்லை. தூரம் காட்டும்போது கருவிகளே இதைச் செய்கின்றன. திருப்பம் தொலைவில் இருந்தால் முழு கிலோமீட்டரில் சொல்லும், நெருங்கினால் மீட்டருக்கு இறங்கிவிடும். நேரத்துக்கு மட்டும் இந்தப் பண்பாடு ஏனோ வரவில்லை.

அன்று மாலை நான் என்ன செய்தேன் என்றால், ஓரமாக நிறுத்தி, மெனுவுக்குள் போய், மூலையில் வரும் எண்ணை மாற்றினேன். போய்ச் சேரும் நேரத்துக்குப் பதில் மிச்சமுள்ள தூரம். இது நல்ல ஏற்பாடாகத்தான் இருந்தது. தூரம் இறங்க மட்டுமே செய்கிறது. நிறுத்தி இறங்கினால் அப்படியே காத்திருக்கிறது, கோபித்துக்கொண்டு ஏறுவதில்லை. மிதித்தாலும் அதற்குப் பரிசு கிடையாது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை, சீட்டைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். அதை எனக்குக் கிடைத்த சான்றிதழாக எடுத்துக்கொண்டேன்.

மலை ஏற ஆரம்பித்ததும் அது உதவவில்லை. 38 கி.மீ. மிச்சம் என்றது. நெடுஞ்சாலையில் 38 என்றால் அரை மணி நேரத்துக்குள் முடியும். கொண்டை ஊசி வளைவுகளில் 38 என்றால் என்ன என்று எனக்கு எந்த அனுமானமும் இல்லை. இருட்ட ஆரம்பித்துவிட்டது, சித்தி மறுபடி கூப்பிடுவதற்குள் ஏதாவது சொல்லியாக வேண்டும். அகலமான இடம் பார்த்து நிறுத்தி, நேரத்தைத் திரும்பவும் கொண்டுவந்தேன். 7.05 என்றது. போய்ச் சேர்ந்தபோது 7.08. காலையில் ஒன்றரை மணி நேரத்துக்குப் பக்கமாகத் தள்ளிச் சொன்ன அதே பெட்டி, கடைசி ஒரு மணி நேரத்துக்கு மூன்று நிமிடம்தான் பிசகியது. கிட்ட வந்துவிட்டால் அதன் ஊகம் ஏறக்குறைய அளவையாகவே ஆகிவிடுகிறது. குறை சொல்ல எதுவுமில்லை.

அதனால் இப்போதெல்லாம் கிளம்பும்போது மூலையில் தூரத்தை வைத்துக்கொள்கிறேன். கடைசி ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரும் நேரத்துக்கு மாற்றிக்கொள்கிறேன். ஒவ்வொரு முறையும் வண்டியை ஓரங்கட்டி, மெனுவில் நாலு படி உள்ளே போய் மாற்ற வேண்டியிருக்கிறது. எவ்வளவு தூரம் மிச்சம் என்பது அந்தக் கருவிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதுவாகவே மாற்றிக்கொண்டால் என்ன என்று அந்த மெனுவுக்குள் போகும்போதெல்லாம் தோன்றுகிறது.